இலவசச் சேலையும் இறக்குமதிப் பஞ்சும்

பொருளாதாரக் கொள்கை குறித்த நம் விவாதங்கள் கால் நூற்றாண்டாக ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உலகமயமாக்கல் ஒருபுறம், அது கணக்கின் பக்கம், வளர்ச்சியின் பக்கம், படித்தவர்களின் பக்கம். வெகுஜனவாதம் மறுபுறம், அது ஓட்டின் பக்கம், உணர்ச்சியின் பக்கம், இலவசத்துக்குக் கையேந்துபவர்களின் பக்கம். 2022 ஜூலையில் பிரதமர் இலவசத் திட்டங்களை ‘ரேவடி’ பங்கிடுவதற்கு ஒப்பிட்டுப் பேசியதும், அந்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதங்களும் இந்தச் சட்டகத்தை விட்டு வெளியே வரவில்லை. எதிர்த்துத் தமிழகத்திலிருந்து எழுந்த குரல்களும் பெரும்பாலும் ‘இலவசம் என்று சொல்லாதீர்கள், நலத்திட்டம் என்று சொல்லுங்கள்’ என்று பெயர் மாற்றியதோடு நின்றுகொண்டன. இவ்விரண்டும் எதிரெதிர் முகாம்கள் என்னும் முன்முடிவையே நாம் கேள்விக்குட்படுத்த விரும்புகிறோம். அதற்குத் தலைநகரங்களைக் காட்டிலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காடு தோதான இடம்.

காரணம் இருக்கிறது. இந்திய அரசியலில் வெகுஜனவாதம் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டுப் பேசும் போக்குக்கு முகம் கொடுத்த எம்.ஜி.ஆர்., 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் முதலமைச்சரானார். அவருடைய திட்டங்களைப் பத்திரிகைகள் ‘கவர்ச்சித் திட்டங்கள்’ என்று எழுதின. நடிகையின் படத்துக்குக் கீழே போடும் சொல்லை நிதிநிலை அறிக்கைக்கும் போட்ட சாமர்த்தியம் தமிழ் இதழியலுக்கே உரியது. (‘பாப்புலிசம்’ என்பதற்கு நாம் இன்னும் நிலைத்த சொல் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவில்லை. பரப்பியம், வெகுமக்கள்வாதம், ஜனரஞ்சகவாதம் என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். தெருவில் அதற்கு ஒரே பெயர்தான்: இலவசம்.)

1982இல் சத்துணவு, 1983இல் பொங்கலுக்கு வேட்டி, சேலை. இரண்டாவது திட்டத்தை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். வாங்குபவர் வரிசையில் நிற்கும் புகைப்படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தச் சேலையின் மறுமுனையில் தறி இருந்ததை மறந்துவிடுகிறோம். கூட்டுறவுச் சங்கங்களின் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் ஆண்டில் சில மாதங்களாவது நிச்சயமான வேலையைக் கொடுப்பது அத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. தேவாங்கர்களும் சாலியர்களும் தலைமுறைகளாகத் தறியிட்டு வாழும் அருப்புக்கோட்டையைப் போன்ற ஊர்களுக்கு அரசாங்கமே பெரிய கொள்முதல்காரராக வந்து நிற்பது சாதாரண விஷயமல்ல. இதே காரியத்தை ஜப்பானோ கொரியாவோ செய்திருந்தால் பொருளியல் நூல்கள் அதைத் தொழிற்கொள்கை என்ற அத்தியாயத்தில் சேர்த்திருக்கும். சென்னை செய்ததால் அது இலவசம் ஆயிற்று.

இதைச் சொல்வதால் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கொள்ளவேண்டாம். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த ‘தி இமேஜ் டிராப்’ நூலில் வைத்த விமர்சனத்துக்கு இன்றுவரை எவரும் முழுமையான பதில் சொன்னதாகத் தெரியவில்லை. ஏழைகளுக்குக் கொடுப்பதற்கான பணத்தின் கணிசமான பகுதி, மதுவின் மீதான ஆயத்தீர்வை வழியாக அதே ஏழைகளிடமிருந்தே வசூலாயிற்று என்பது அவருடைய கணக்கு. 2003இல் மதுச் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட பிறகு இந்தக் கணக்கு இன்னும் கசப்பாகிவிட்டது. மனைவியின் கணக்கில் வரவு, கணவனின் கணக்கில் பற்று. வெகுஜனவாதத்தின் மீது வைக்கத்தக்க வலுவான குற்றச்சாட்டு இதுவே என்று நாம் எண்ணுகிறோம். ‘உழைக்காமல் சோம்பேறியாகிறார்கள்’ என்ற நடுத்தர வர்க்கத்துப் புலம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சித்திரை வெயிலில் கரிமூட்டம் போடுபவனைச் சோம்பேறி என்று சொல்ல ஒருவருக்குத் தனியான துணிச்சல் வேண்டும்.

இனி உலகமயமாக்கலுக்கு வருவோம். 1991இல்தான் உலகம் இந்தப் பக்கம் வந்தது என்ற எண்ணம் பொதுவாக உண்டு. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றபோதே தென்மாவட்டக் கரிசல் அதன் சூட்டை உணர்ந்துவிட்டது. ‘டின்னவெல்லி’ என்ற வணிகப் பெயரில் நம் பருத்தி லிவர்ப்பூல் சந்தையில் அறியப்பட்டிருந்தது. போர் முடிந்ததும் விலையும் விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா ரகம் வந்து சேர்ந்தது. பருத்தி வணிகத்தில் தலையெடுத்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பேட்டை அமைத்தார்கள். விற்பனையில் ஒரு சிறு பகுதியை மகமை என்று ஒதுக்கி, உறவின்முறையின் பொதுப் பணமாகச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடங்களும் கிணறுகளும் அந்த மகமையிலிருந்து எழுந்தன. சந்தையின் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு எடுத்துவைத்தால்தான் சந்தையில் தொடர்ந்து நிற்க முடியும் என்பதை அவர்கள் எந்தப் பொருளியலாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அது ஒரு சாதிக்குள் நின்ற ஏற்பாடு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மகமை சேராத சாதிகள் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறின. திருச்சுழி உலகுக்குத் தந்த புகழ்பெற்ற மனிதரான ரமணரும் ஊரைவிட்டுச் சென்றவரே. அவர் போன காரணம் வேறு என்பது உண்மைதான்.

அதனால் உலகம் வந்துவிட்டதே என்று அங்கலாய்ப்பதில் பொருளில்லை. இந்த மண்ணில் விளையும் மிளகாயே கடல் கடந்து வந்ததுதான். வருவதை எந்த நிபந்தனையில் வரவேற்கிறோம், அதில் அடிபடுபவருக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில்தான் கொள்கை தொடங்குகிறது.

2025 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காட்டை எட்டியது. இது உலகமயமாக்கலின் விளைவா, வெகுஜனவாதத்தின் விளைவா? வாஷிங்டனில் அமர்ந்திருப்பவர் தம் நாட்டுத் தொழிலாளியின் பெயரால்தான் இதைச் செய்தார். திருப்பூர் ஏற்றுமதி தடுமாறியது. டெல்லி உடனே ஒரு மருந்தைக் கண்டுபிடித்தது. 2021 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் பஞ்சு இறக்குமதி மீது விதிக்கப்பட்டு, எல்லாம் சேர்த்து 11 விழுக்காடாக இருந்த வரியை ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை நீக்கியது. பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. நூற்பாலைச் சங்கங்கள் வரவேற்றன. விவசாயிகள் சங்கங்கள் எதிர்த்தன. இரண்டு நாள் செய்தியாக வந்து போனது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அந்த இருபது கிலோமீட்டருக்குள் இந்த அறிவிப்பால் பாதிக்கப்படுபவர் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் மானாவாரியில் பருத்தி போட்டவர். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மாசி, பங்குனியில் பருத்தி எடுப்பவர். டிசம்பர் வரை வரியில்லாமல் இறங்கிய பஞ்சு ஆலைக் கிடங்குகளில் அடுக்கியிருக்கும் நேரத்தில்தான் இவருடைய தாட்டு சந்தைக்கு வரும். நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் என்று குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த விலையில் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்துக்குத்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கையிருப்பு வைக்க வசதியில்லாத சிறு விவசாயி ஊர்க் கமிஷன் கடைக்காரரிடம் போட்டுவிட்டு வருகிறார்; விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரும் அவரே.

இரண்டாமவர் நூற்பாலைக்காரர். நாட்டின் நூற்புக் கதிர்களில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் சுழல்கின்றன. இங்கு விளையும் பஞ்சோ நாட்டு விளைச்சலில் மிகச் சிறு பங்கு. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் லாரிச் செலவு கொடுத்து வரவழைக்க வேண்டும். 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது ஆலைகள் கதிர்களை நிறுத்தின. அவர் வரியை நீக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்றாமவர் தறிக்காரர். ஜவுளி முதலாளி பாவும் ஊடையும் கொடுக்க, கூலிக்கு நெய்து கொடுப்பவர். நூல் விலை ஏறினால் அவருக்குப் பாவு வராது. விலை இறங்கினால் கூலி ஏறாது. நான்காமவர் ஆலைக்குள் வேலை செய்பவர். முன்பு திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துப் பெண்கள் ஆலை வேனில் வந்து போனார்கள். இப்போது அவர்களோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிற்கிறார்கள். அமெரிக்க ஆணையின் கடைசி அதிர்வு ஒரு நாள் ‘லே-ஆஃப்’ ஆக இவர்களிடம் வந்து முடிகிறது.

இந்த நால்வரின் நலன்களும் ஒன்றுக்கொன்று முரண்படுபவை. எந்த முடிவெடுத்தாலும் ஒருவர் இழப்பார். அதை மறைத்து ‘ஜவுளித் துறைக்கு நன்மை’ என்று ஒற்றைச் சொல்லில் பேசுவதையே நாம் பொருளாதாரக் கொள்கை என்று பழகியிருக்கிறோம். இழப்பவருக்கு எங்கிருந்து ஈடு என்ற கேள்வி எழுவதே இல்லை. அப்படி எழாமல் போன கேள்விக்கான பதிலாகத்தான் ஆண்டுகள் கழித்து வேறொரு வாசல் வழியாக இலவச அரிசியும் மாதம் ஆயிரம் ரூபாயும் வந்து சேர்கின்றன. திறந்த சந்தையின் பழுதுச் செலவைத்தான் நாம் இலவசம் என்று அழைக்கிறோம்.

இதில் அமெரிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தன் பருத்தி விவசாயிகளுக்கு அது கொடுத்துவந்த மானியங்களை எதிர்த்து பிரேசில் 2002இல் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தது. 2005இல் மேல்முறையீட்டிலும் பிரேசில் வென்றது. பிறகும் இழுத்தடித்து, 2014இல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா வழக்கை முடித்துக்கொண்டது. டெக்சாஸ் பண்ணைக்குப் போகும் பணத்துக்கு ‘பண்ணைச் சட்டம்’ என்று கண்ணியமான பெயர் இருக்கிறது. அருப்புக்கோட்டை விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தபோது அதற்குக் கிடைத்த பெயர் தேர்தல் லஞ்சம். டானி ரோட்ரிக் 1997லேயே எச்சரித்தது இதைத்தான்: அதிகமாகத் திறந்துகொண்ட பொருளாதாரங்களுக்கு அதிகமான சமூகக் காப்பு தேவைப்படுகிறது; அதைக் கொடுக்காமல் திறந்துகொண்டே போனால் அரசியல் வேறு உருவில் திருப்பி அடிக்கும். அந்த அடி 2016இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விழுந்தது. நம் ஊரில் சத்துணவும் ரேஷனும் முன்பே இருந்ததால் அவ்வளவு மூர்க்கமாக விழவில்லை என்று வாதிட இடமுண்டு.

ஆனால் நம் வெகுஜனவாதத்துக்கு ஒரு பெருங்குறை இருக்கிறது. அது மனிதரை நுகர்வோராகவும் வாக்காளராகவும் பார்க்கிறது, விளைவிப்பவராகப் பார்ப்பதில்லை. 1983இன் சேலைக்கு மறுமுனையில் தறி இருந்தது என்றோம். பின்னால் வந்தவற்றில் அந்த மறுமுனை அநேகமாக அறுந்துவிட்டது. 2006இன் வண்ணத் தொலைக்காட்சிக்கும் 2011இன் மிக்ஸிக்கும் கரிசலில் மறுமுனை கிடையாது. அரிசியை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு 1997இல் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு மறுத்து, எல்லோருக்கும் என்று வைத்துக்கொண்டது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். பசி நீங்கியது, இதை எவர் குறைத்துப் பேசினாலும் நமக்கு உடன்பாடில்லை. கூடவே ஒன்று நடந்தது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்று வளர்ந்த ஒரு நிலம், தான் விளைவிக்க முடியாத தானியத்தைத் தின்னும் நிலமாக மாறியது. குதிரைவாலிக்கு இருந்த வீட்டுச் சந்தை கலைந்தது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷனில் கேழ்வரகு கொடுக்க முடிந்தது. அப்படியானால் திருச்சுழியின் குதிரைவாலியை விருதுநகர் மாவட்டச் சத்துணவுக் கூடத்துக்கு எடுத்துக்கொள்வதில் என்ன தடை? அதற்கு ஆகும் செலவு புதிய செலவே அல்ல. ஏற்கெனவே ஆகும் செலவின் திசைமாற்றம்.

குதிரைவாலி விட்ட இடத்தில் மக்காச்சோளம் வந்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம். கையில் உடனே காசு. 2018இல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தது. ஒரே பயிரை நம்பியிருந்த காடுகள் ஒரே பட்டத்தில் சல்லடையாயின. அரசு நிவாரணம் கொடுத்தது. இதிலும் அதே ஒழுங்குதான்: சந்தை எதை விதைக்கச் சொல்லும் என்பதில் அரசுக்குப் பங்கில்லை, பட்டுப்போனபின் பணம் கொடுப்பதில் மட்டும் பங்கு. எந்த உதவியும் கேட்காமல், எவரும் விதைக்காமல் தழைத்து நிற்பது சீமைக் கருவேலம் ஒன்றுதான். 2017இல் உயர் நீதிமன்றம் அதை வெட்டச் சொல்லியது, பிறகு தடையும் வந்தது. திருச்சுழிச் சம்சாரிகள் பலருக்கு மழை பொய்த்த ஆண்டில் அடுப்பெரிந்தது அந்தக் கரியால் என்பதை மரத்தின் எதிரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாநிலச் சராசரிகளைக் காட்டி இவற்றைப் பெருமிதத்தோடு கடந்துவிட முடியும். கலையரசனும் விஜயபாஸ்கரும் 2021இல் எழுதிய ‘தி திராவிடியன் மாடல்’ சமூக நீதியும் தொழில் வளர்ச்சியும் இங்கே சேர்ந்து நடந்ததைத் தரவுகளோடு காட்டுகிறது; நூலின் மையவாதத்தில் நமக்குப் பெரிய மறுப்பு இல்லை. எனினும் 2018இல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகர், இராமநாதபுரம் என்னும் இரண்டே. அந்த இரண்டும் உரசிக்கொள்ளும் எல்லையில்தான் திருச்சுழியும் நரிக்குடியும் இருக்கின்றன. சிவகாசியும் இராஜபாளையமும் சேர்ந்த மாவட்டக் கணக்கில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதிகாரத்தில் ஆள் இல்லாததால் வந்த குறையா இது? அருப்புக்கோட்டை ஒரு முதலமைச்சரைக் கொடுத்தது. 2021இல் திருச்சுழியில் வென்ற தங்கம் தென்னரசு 2023 மே மாதத்தில் மாநில நிதியமைச்சரானார். நிதியமைச்சரின் சொந்தத் தொகுதி என்பதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவர் கையில் இருந்த கருவிகள் எவை என்று பார்த்தால் நிலைமை விளங்கும். பஞ்சு இறக்குமதி வரி டெல்லியுடையது. ஆதரவு விலை டெல்லியுடையது. நூலின் மீதான வரியைத் தானே நிர்ணயிக்கும் உரிமையை 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மாநிலம் இழந்தது. அதற்கான இழப்பீட்டுக் காலமும் 2022 ஜூனில் முடிந்தது. ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தில் உடலுழைப்புக்கான கூலியை முழுக்க மத்திய அரசே ஏற்றிருந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் நாள்களை 125 ஆக்கி, செலவில் 40 விழுக்காட்டைத் தமிழகம் போன்ற மாநிலங்களின் தலையில் வைத்தது. மாநிலத்திடம் மிஞ்சியவை மது, பத்திரப்பதிவு, பெட்ரோல் மீதான வரி, கடன். இவற்றைக் கொண்டு ஓர் அரசு என்ன செய்யும்? பணமாகக் கொடுக்கும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும், அதைப்போலவே மத்தியப் பிரதேசத்திலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கட்சி வேறுபாடின்றிப் பெருகிய திட்டங்களும் தலைவர்களின் குணக்கேட்டால் வந்தவை என்று சொல்வது எளிது. வேறு எந்த நெம்புகோலும் இல்லாத அரசுகளின் கை அசைவு அது என்பதே நம் வாசிப்பு.

ஆகவே மறுபரிசீலனை என்பது இலவசங்களை நிறுத்துவதிலிருந்து தொடங்க முடியாது. பஞ்சு வரியைத் திடீர் அறிவிப்பாக ஏற்றி இறக்காமல், அறுவடை மாதங்களில் வரி, பஞ்சத்து மாதங்களில் விலக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதியாக்கலாம். அதை எழுதும் மேசையில் பருத்தி, நூற்பு, நெசவு மாநிலங்களுக்கு இடம் வேண்டும். கூட்டுறவில் நூல் வங்கி வைத்துத் தறிக்காரரை விலை அலையிலிருந்து காக்கலாம். சோ. தர்மனின் ‘சூல்’ நாவல் கண்மாயின் அழிவை ஒரு ஊர்ச் சமூகத்தின் அழிவாகவே காட்டியது. அதைப் படித்துச் சிலாகித்த நாம், குண்டாற்றுப் பாசனத்துக் கண்மாய்களின் வரத்துக்கால்களைப் பொருளாதாரக் கட்டுமானம் என்று கருதத் தயங்குகிறோம். காவிரியைக் குண்டாற்றோடு இணைக்கும் 262 கிலோமீட்டர்க் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் தண்ணீர் என்றாவது வரட்டும்; வந்தால் தேங்குவதற்கும் கண்மாய் வேண்டுமல்லவா?

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் சாத்தூர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமரின் பெயரால் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. பூங்கா வரட்டும், வேலை வந்தால் நல்லது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோதும் இப்படித்தான் சொன்னோம். ஒளி போய்ச்சேர்ந்த இடம் வேறு. சுற்றுப்புறத்து ஊர்களில் மிஞ்சிய வேலைகள் பலகைகளைக் கழுவுவதும் காவல் காப்பதும்தான். ஆகையால் குமாரலிங்கபுரத்துக்கு வரும் ஆலைகளிடம் மூன்று விஷயங்களை இப்போதே எழுத்தில் வாங்கவேண்டும்: சாயத்தண்ணீர் எங்கே போகும், பஞ்சில் எத்தனை பங்கு நரிக்குடி, திருச்சுழிக் காடுகளிலிருந்து எடுக்கப்படும், வெளிநாட்டு ஆர்டர் நின்ற மாதத்தில் கூலியை யார் கொடுப்பார்கள்.